எரியாத மானிட்டரும் கொங்கு நாட்டுக் கரண்டும்

பதினேழு அங்குலப் பழைய எல்சிடி மானிட்டர்களுக்குக் கொங்கு நாட்டில் இன்னும் வேலை இருக்கிறது. பல்லடம் பக்கத்து எடைமேடை அறையில் ஒன்று லாரியின் எடையைக் காட்டிக்கொண்டிருக்கும். திருப்பூர் எம்பிராய்டரி யூனிட்டில் டிசைன் பார்க்க ஒன்று இருக்கும். நாமக்கல் கோழிப்பண்ணையிலும் பொள்ளாச்சித் தோப்பு வீட்டிலும் சிசிடிவி பெட்டியோடு விஜிஏ வயரில் சேர்ந்து ராத்திரி பகல் பாராமல் ஓடுபவை ஏராளம். கோவையின் சில பட்டறைகளில் பழைய சிஎன்சி மெஷின் முகப்பில் பிக்சர் டியூப் வைத்த குட்டி சிஆர்டி திரைகூட உண்டு. ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட மனசு வராத ஊர் இது. அந்த வேலைகளுக்கு இந்த மானிட்டரே தாராளமாகப் போதும்.

இப்படி ஓடும் மானிட்டர் ஒருநாள் நின்றுபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் போர்டை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, மெயின் போர்டுக்கு 5 வோல்ட்டும், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து பத்தொன்பதுக்குள் ஒரு வோல்ட்டேஜும் பிரித்துக் கொடுப்பது அதுதான். சுவர்க் கரண்டை நேராக வாங்கிக்கொள்வதும், அதிகச் சூட்டில் கிடப்பதும் அந்த போர்டே.

எரிந்த த்ரீ பேஸ் மோட்டாரைக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனால், கைதேர்ந்த மெக்கானிக் எடுத்தவுடன் பழைய காயிலை வெட்டி எறிய மாட்டார். கவரைக் கழற்றி எது கருகியிருக்கிறது என்று பார்ப்பார். சில காயில் மட்டும் கருகி மற்றவை புதுசு போல இருந்தால் சிங்கிள் பேஸில் ஓடியிருக்கிறது. எல்லாமே ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு. இதைத் தெரிந்துகொள்ளாமல் காயில் கட்டிக் கொடுத்தால் அந்த மோட்டார் சீக்கிரமே திரும்பி வரும். மானிட்டர் பவர் போர்டுக்கும் இதே பார்வைதான் வேண்டும். போர்டு சாவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, வெளியிலிருந்து வந்த கரண்ட் அடித்துச் சாவது. இன்னொன்று, உள்ளே இருக்கும் சூட்டில் காய்ந்து காய்ந்து சாவது. முதலாவது ஒரு நொடியில் முடிந்துவிடும். இரண்டாவதற்கு வருடங்கள் ஆகும். இரண்டும் போர்டில் விட்டுப்போகும் தடயம் வேறு, செய்ய வேண்டிய வேலையும் வேறு. சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணுவதற்கு முன் இதில் எது என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

போர்டுக்குள் நடப்பது

கரண்ட் உள்ளே வந்ததும் முதலில் பியூஸ். அடுத்து என்டிசி தெர்மிஸ்டர் என்ற சின்ன வட்ட வில்லை. சுவிட்ச் போட்ட கணத்தில் பாயும் கரண்டை மட்டுப்படுத்துவது அதன் வேலை. சில போர்டுகளில், வோல்ட்டேஜ் எகிறினால் அதைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டரும் இருக்கும். பிறகு ஃபில்டர் காயில், அதைத் தாண்டினால் பிரிட்ஜ் டயோடு. பிரிட்ஜ் டயோடு ஏசியை டிசியாக்கி, போர்டிலேயே பெரிதாக நிற்கும் கெப்பாசிட்டரில் கொண்டுபோய் நிரப்பும். 230 வோல்ட் ஏசியின் உச்சம் அதைப்போல 1.414 மடங்கு. ஆக அந்தக் கெப்பாசிட்டரில் நிற்பது சுமார் 325 வோல்ட் டிசி. அதன் மேல் 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த இடைவெளி எவ்வளவு குறைவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த 325 வோல்ட்டை மாஸ்பெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கிறது. நிறைய போர்டுகளில் இந்த வேகம் நொடிக்கு 65,000 தடவை. எவ்வளவு நேரம் திறப்பது, எவ்வளவு நேரம் மூடுவது என்று மாஸ்பெட்டுக்கு உத்தரவு போடுவது ஒரு சின்ன பிடபிள்யூஎம் ஐசி. அந்த ஐசிக்கும் சாப்பாடு வேண்டுமே. சுவிட்ச் போட்டதும் பெரிய மதிப்புள்ள ஒரு ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் வந்து, 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் உள்ள ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் சேரும். போதுமான அளவு சேர்ந்ததும் ஐசி விழித்துக்கொள்ளும். அதன்பின் டிரான்ஸ்ஃபார்மரிலேயே அதற்கென்று இருக்கும் தனிச் சுற்றிலிருந்து சாப்பாடு வரும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் ஷாட்கி டயோடுகளும் 470, 680, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களும் இருக்கும். அவற்றில் வெளிவரும் வோல்ட்டேஜ் சரியா என்று டிஎல்431 என்ற மூன்று கால் ஐசி கவனித்து, வெளிச்சத்தால் தகவல் கடத்தும் பிசி817 மாதிரியான ஆப்டோகப்ளர் வழியே இந்தப் பக்கத்துக்குத் தகவல் அனுப்பும். சுவர்க் கரண்டோடு நேரடித் தொடர்புள்ள பாதியை ஹாட் பக்கம் என்றும் மற்றதைக் கோல்டு பக்கம் என்றும் சொல்வார்கள். போர்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே அகலமான காலி இடம் ஓடுவது தெரியும். ஹாட் பக்கம் அளக்கும்போது மீட்டரின் கருப்பு வயர் பெரிய கெப்பாசிட்டரின் மைனஸ் காலில் இருக்க வேண்டும். கோல்டு பக்கம் அளக்கும்போது உலோகக் கூட்டில் இருக்க வேண்டும். இதை மாற்றி வைத்தால் வருகிற எண்கள் எல்லாமே பொய்.

வெளியிலிருந்து வரும் அடி

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி அந்தக் கரண்ட் கோவைக்கு வந்ததிலிருந்து இந்த மண்ணின் பிழைப்பு மோட்டாரோடு கட்டுண்டு கிடக்கிறது. மில், தறி, பம்பு செட், கிரைண்டர், ஃபவுண்டரி என எங்கே பார்த்தாலும் மோட்டார்தான். கிராமத்து லைனில் த்ரீ பேஸ் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிய பம்பு செட்டுகள் ஒன்றாகக் கிளம்பும், வோல்ட்டேஜ் படுத்துவிடும். அவை நின்றதும் ஏறிவிடும். தறிகள் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பல்பு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிவதைத் தறிக்காரர்கள் வீட்டில் பார்க்கலாம்.

இங்கே பரவலான ஒரு எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. மானிட்டர் போனால் "லோ வோல்ட்டேஜ்ல போயிருச்சு" என்று சொல்லிவிடுகிறோம். மானிட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் பாருங்கள், 100–240 வோல்ட் என்று இருக்கும். 150 வோல்ட்டில்கூட மேலே சொன்னபடி வெட்டி வெட்டிக் கொடுக்கும் இந்த வகை சப்ளை, அதாவது எஸ்எம்பிஎஸ், அலட்டிக்கொள்ளாமல் ஓடும். ஃப்ரிட்ஜுக்கும் பம்புக்கும் எமனான லோ வோல்ட்டேஜ், மானிட்டருக்குப் பெரிய பகை கிடையாது. அதைக் கொல்வது ஹை வோல்ட்டேஜ்.

ஹை வோல்ட்டேஜ் வருகிற வழிகளில் மோசமானது நியூட்ரல் போவது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே அடித்து வீசும் மாதங்களில், உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கம் காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றும் அதே நாட்களில், லைன் கம்பிகளும் ஆடும். கம்பத்தில் நியூட்ரல் கம்பியை இணைக்கும் ஜம்பர் தளர்ந்து விட்டுப்போகும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை மட்டை விழுந்தே கம்பி அறும், கம்பிகள் ஒன்றோடொன்று உரசும். நியூட்ரல் போய்விட்டால் இரண்டு பேஸில் இருக்கும் வீடுகள் தொடராக இணைந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அவற்றுக்குக் குறுக்கே நிற்பது 400 வோல்ட். எந்தப் பக்கம் அதிக லோடு இருக்கிறதோ அங்கே வோல்ட்டேஜ் விழும். குறைந்த லோடு உள்ள பக்கம் ஏறும். ஒரு பேஸில் அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் ஓடி, இன்னொன்றில் வெறும் 30 வாட் மானிட்டர் மட்டும் இருந்தால், மானிட்டர் பக்கம் 400ஐ நெருங்கிவிடும். அதன் உச்சம் 560 வோல்ட்டுக்கு மேல். பெரிய கெப்பாசிட்டர் தாங்குவது 450. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் மானிட்டரைக் கொண்டுவருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அன்றைக்கு பல்பு பளிச்சென்று எரிந்ததா, ஃபேன் வேகமாகச் சுற்றியதா, பக்கத்து வீட்டில் டிவியோ செட்டாப் பாக்ஸோ போனதா? ஆமாம் என்றால் ஹாட் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம். வேரிஸ்டர் உள்ள போர்டாக இருந்தால் அது தன்னைப் பலிகொடுத்து ஷார்ட் ஆகி, பியூஸைப் போக்கி, மற்றதைக் காப்பாற்றியிருக்கும். வெடித்த வேரிஸ்டரைக் கழற்றிவிட்டு வெறும் பியூஸ் மட்டும் மாற்றிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. மானிட்டர் ஓடும், ஆனால் அடுத்த அடியைத் தடுக்க ஆள் இருக்காது. பழையதில் இருந்த அதே எண்ணுள்ள வேரிஸ்டரை, உதாரணமாக 10டி471 என்றிருந்தால் அதையே, வாங்கிப் போடுங்கள். விலை மிகச் சொற்பம்.

இன்னொரு வழி, கரண்ட் ஒரே நிமிடத்தில் நாலைந்து முறை வந்து வந்து போவது. மேலே சொன்ன என்டிசி தெர்மிஸ்டர் குளிர்ந்திருக்கும்போதுதான் தடுக்கும். மானிட்டர் ஓடச் சூடாகி, தடையை விட்டுக்கொடுத்துவிடும். கரண்ட் ஒரு நொடி போய் உடனே திரும்பினால், பெரிய கெப்பாசிட்டர் அதற்குள் காலியாகியிருக்கும், தெர்மிஸ்டரோ இன்னும் சூடாகவே இருக்கும். தடுப்பார் இல்லாமல் கரண்ட் பாயும். பிரிட்ஜ் டயோடும் பியூஸும் அடிவாங்குவது அப்போதுதான். கரண்ட் போனவுடன் மானிட்டருக்குப் போகும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து நிலைத்த பிறகு போடச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சூட்டில் காய்ந்து சாவது

நிற்கும் மானிட்டர்களில் பெரும்பங்கு இந்த வகை. இதில் குற்றவாளி எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். பழைய மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்கள். அதற்குள் இருப்பது அலுமினியத் தாள், காகிதம், ஈரமான எலக்ட்ரோலைட். சூட்டில் அந்த ஈரம் மெல்ல மெல்ல ரப்பர் மூடி வழியே வெளியேறும். ஈரம் குறையக் குறைய உள்தடை கூடும். இதைத்தான் இஎஸ்ஆர் என்கிறார்கள். உள்தடை கூடினால் கெப்பாசிட்டர் தானே சூடாகும். அந்தச் சூடு மிச்ச ஈரத்தையும் விரட்டும். ஆரம்பத்தில் ஆமை வேகம், கடைசியில் குதிரை வேகம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாக இந்தக் கெப்பாசிட்டர்கள் 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்ற உறுதியோடு வருகின்றன. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. 75 டிகிரியில் இருந்தால் 16,000 மணி நேரம். ஆபீசில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடும் மானிட்டருக்கு இது ஐந்து வருடத்துக்கு மேல் வரும். அதே மானிட்டர் கோழிப்பண்ணையில் சிசிடிவிக்காக 24 மணி நேரமும் ஓடினால், வருடத்துக்கு 8,760 மணி; இரண்டு வருடம் முடிவதற்குள் ஆயுள் தீர்ந்துவிடும். தகர ஷெட்டுக்குள் சித்திரை வெயிலில் இருக்கும் மானிட்டருக்கு இன்னும் குறையும். அப்புறம் பஞ்சு. திருப்பூர், சோமனூர் பக்கத்திலிருந்து வரும் மானிட்டரின் பின்கவரைக் கழற்றினால் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு பஞ்சுத் தூசி மெத்தை விரித்தாற்போல இருக்கும். உள்ளே சூடு இன்னும் பத்து டிகிரி ஏறினாலே ஆயுள் பாதி. பிரஷ்ஷை வைத்து மாதம் ஒருமுறை அந்தத் துளைகளைத் துடைத்தாலே பல மானிட்டர்களை ரிப்பேர் கடைக்குப் போகாமல் காப்பாற்றிவிடலாம். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

இதோடு அந்தக் காலகட்டத்தின் சாபமும் சேர்ந்துகொண்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் தைவானில் தயாரான பல கெப்பாசிட்டர்களில் எலக்ட்ரோலைட் கலவையே தவறாக இருந்தது. உள்ளே வாயு சேர்ந்து, தலை உப்பி, வெடித்து, உலகம் முழுக்க மதர்போர்டுகளும் மானிட்டர்களும் பவர் சப்ளைகளும் அகாலமாகச் செத்தன. இப்போது நம்மிடம் இருக்கும் பழைய மானிட்டர்களில் கணிசமானவை அந்தக் காலத்துப் பொருட்கள்.

தலை உப்பிய கெப்பாசிட்டரை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். தலையில் கீறியிருக்கும் கோடுகள் பிளந்து, பழுப்பாக ஏதோ கசிந்திருக்கும். சிக்கல், உப்பாமலே சாவதில் இருக்கிறது. ஐசிக்குச் சாப்பாடு போடும் அந்தக் குட்டி 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் உப்பவே உப்பாது, சத்தமில்லாமல் காய்ந்துபோகும். சாதா மீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் அளந்தால் சரியாகவே காட்டி ஏமாற்றும் பெரிய கெப்பாசிட்டர்களும் உண்டு. காரணம், கெட்டுப்போனது கொள்ளளவு அல்ல, உள்தடை. இஎஸ்ஆர் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால், மானிட்டரை அணைத்துவிட்டு, சந்தேகமான கெப்பாசிட்டருக்கு இணையாக நல்ல ஒன்றை பிளஸ், மைனஸ் பார்த்து வைத்து, பிறகு ஆன் செய்து பாருங்கள். கோல்டு பக்கத்தில் இது எளிய, நம்பகமான சோதனை.

அறிகுறி சொல்லும் கதை

"ஏனுங்ணா, லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது, படம் வரமாட்டேங்குதுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் பாதி ரிப்பேரைச் செய்துவிட்டார். சப்ளை கிளம்பப் பார்க்கிறது, முடியாமல் படுக்கிறது, மறுபடி கிளம்பப் பார்க்கிறது. அப்படியானால் பியூஸ் நன்றாக இருக்கிறது, பிரிட்ஜும் மாஸ்பெட்டும் உயிரோடு இருக்கின்றன. பழுது பெரும்பாலும் கோல்டு பக்கக் கெப்பாசிட்டர்களில்; அடுத்த சந்தேகம் ஷார்ட் ஆன ஷாட்கி டயோடு, அதற்கடுத்தது ஐசியின் குட்டிக் கெப்பாசிட்டர்.

"ஆன் பண்ணின உடனே வராது, அஞ்சு நிமிஷம் போட்டு வெச்சா வரும்" என்றாலும் அதே கதை. காய்ந்த கெப்பாசிட்டரின் உள்தடை குளிரில் இன்னும் கூடும், சூடேறினால் குறையும். மார்கழிக் காலையில் வராத மானிட்டர் பத்து மணிக்கு மேல் வருவது இதனால்தான். ஹேர் டிரையரை எடுத்துச் சந்தேகமான கெப்பாசிட்டர் மேல் ஒரு நிமிடம் சூடு காட்டி, உடனே ஆன் ஆனால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கியது.

இன்னொரு வகை இங்கே நாம் நிறையப் பார்த்தது. ஸ்டாண்ட்பையில் மாதக்கணக்கில் இருந்த மானிட்டர் நன்றாக ஓடும். கரண்ட் ஒருமுறை போய் வந்தால் அவ்வளவுதான், எழுந்திருக்காது. 2012ஐ ஒட்டிய காலத்தில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, ஸ்டார்ட் ஆகும் பலத்தை இழந்திருந்த போர்டுகளெல்லாம் அம்பலமாயின. பவர் கட் அவற்றைக் கெடுத்தது என்று மக்கள் நினைத்தார்கள். ஏற்கெனவே காய்ந்திருந்த குட்டிக் கெப்பாசிட்டரைப் பவர் கட் காட்டிக் கொடுத்தது என்பதே சரி. ஓடிக்கொண்டிருக்கும் ஐசிக்கு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். புதிதாக எழுப்பத்தான் அந்தக் கெப்பாசிட்டரில் சேமிப்பு வேண்டும்.

விளக்கு நன்றாக எரிந்து, படம் இரண்டு நொடி வந்து மறைந்தால், இருட்டில் டார்ச் லைட்டைச் சாய்வாகத் திரையில் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் மட்டும்தான் அணைந்திருக்கிறது. பழைய எல்சிடிகளில் பேக்லைட் என்பது சிசிஎஃப்எல் என்ற மெல்லிய குழல் விளக்கு. கிளம்ப ஆயிரம் வோல்ட்டுக்கு மேல், ஓட அறுநூறு எழுநூறு வோல்ட். அந்த வோல்ட்டேஜை உண்டாக்கும் இன்வெர்ட்டர் சர்க்யூட் ஒவ்வொரு விளக்கையும் கண்காணித்து, ஒன்று வீம்பு பிடித்தாலும் மொத்தத்தையும் அணைத்துவிடும். இங்கேயும் அவசரப்பட்டு விளக்கைக் குறைசொல்லாதீர்கள். முதலில் இன்வெர்ட்டருக்குப் போகும் வோல்ட்டேஜ், விளக்கு எரியும் அந்த இரண்டு நொடியில் எவ்வளவு விழுகிறது என்று மீட்டரில் பாருங்கள். விழுந்தால் மறுபடியும் கெப்பாசிட்டர்தான். விழாமல் நின்றால் இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மர்களின் செகண்டரி தடையை, கரண்டை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மற்றவற்றோடு ஒத்துப்போகாதது கெட்டது. எல்லாம் ஒத்திருந்தால் அப்போது விளக்கைச் சந்தேகிக்கலாம். ஆன் செய்ததும் திரை சிவப்படித்து, பிறகு வெளுப்பது கிழட்டு விளக்கின் அடையாளம்.

எந்த விளக்குமே எரியாமல் முழுதாகச் செத்திருந்தால் முதலில் பியூஸைப் பாருங்கள். கண்ணாடி பியூஸ் உள்ளே கருகி வெள்ளி பூசியது போல இருந்தால் பெரிய ஷார்ட். கம்பி மட்டும் நடுவில் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் வயதாலோ சின்ன அடியாலோ போயிருக்கலாம்.

பியூஸ் போனால்

பியூஸ் போன போர்டில் புது பியூஸ் போட்டு நேராகச் சுவரில் சொருகுவது, புது பியூஸையும் அதோடு இன்னும் நாலு பார்ட்ஸையும் எரிக்கும் வழி. பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி போடுவது வீட்டையே எரிக்கும் வழி. முதலில் கரண்ட் இல்லாமல் பிரிட்ஜ் டயோடையும் மாஸ்பெட்டையும் மீட்டரின் டயோடு மோடில் அளக்க வேண்டும். மாஸ்பெட்டின் மூன்று கால்களுக்கு டிரெயின், சோர்ஸ், கேட் என்று பெயர். மாஸ்பெட்டின் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே இரண்டு திசையிலும் பீப் அடித்தால் ஷார்ட். மாஸ்பெட் தனியாகச் சாகாது. அது ஷார்ட் ஆகும் கணத்தில் 325 வோல்ட் அதன் வழியே பாய்ந்து, சோர்ஸ் காலில் இருக்கும் ஒரு ஓமுக்கும் குறைந்த ரெசிஸ்டரைத் திறந்துவிடும். கேட் வழியே திரும்பிப்போய் ஐசியையும் முடித்துவிடும். ஆகவே மாஸ்பெட், அந்தச் சின்ன ரெசிஸ்டர், கேட் ரெசிஸ்டர், ஐசி, பியூஸ் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். மாஸ்பெட்டை மட்டும் மாற்றிவிட்டு "மறுபடி போயிருச்சே" என்று போர்டைத் தூக்கி எறிபவர்கள் ஒரு நல்ல போர்டை வீணாக்குகிறார்கள்.

மாற்றி முடித்ததும் சீரீஸ் பல்பு. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை பேஸ் வயரில் தொடராக வைத்து மானிட்டருக்குக் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பியது, ஷார்ட் இல்லை என்று அர்த்தம். முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஆனால் எதுவும் வெடிக்காது, மிச்சக் கரண்டைப் பல்பு விழுங்கிவிடும். விட்டு விட்டு மினுக்கினால் கோல்டு பக்கம் பாருங்கள். எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. கடைகளில் குண்டு பல்பு அரிதாகிக்கொண்டு வருகிறது. கிடைக்கும்போது இரண்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடும் நல்ல மானிட்டரின் பெரிய கெப்பாசிட்டர், வயரை உருவியதும் பெரும்பாலும் தன்னால் காலியாகிவிடும், ஏனென்றால் மாஸ்பெட் அதைக் குடித்துத் தீர்க்கும். கெட்டுப்போன மானிட்டரில் குடிக்க ஆள் இல்லை. ஐசி ஓடாத போர்டில் 300 வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதாவது, நாம் கை வைக்கப்போகும் பழுதான போர்டுதான் நல்ல போர்டைவிட ஆபத்து. ஸ்க்ரூ டிரைவரால் காலிரண்டையும் தொட்டுத் தீப்பொறி பறக்க விடாதீர்கள், 2.2 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் போட்ட வயரோடு தயார் செய்து வைத்து, சில நொடி தொட்டு, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகு கை வையுங்கள்.

சிஆர்டி திரைகளில் இது பல மடங்கு. பிக்சர் டியூபுக்குப் போகும் ஆனோட் வோல்ட்டேஜ் கலர் மானிட்டரில் 25,000 வோல்ட் அளவு, அணைத்த பின்னும் டியூபின் கண்ணாடியே அதைப் பிடித்து வைத்திருக்கும். பழகிய டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சரி. டிக் டிக் என்ற சத்தத்தோடு ஸ்டார்ட் ஆகாத சிஆர்டியில் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம், ஆனோட் வோல்ட்டேஜை உண்டாக்கும் இஎச்டி டிரான்ஸ்ஃபார்மரின் கால்களைச் சுற்றி டிரை சால்டரும், அதாவது பிடிப்பு விட்ட சால்டரும், சகஜம். பட்டறையில் சிஆர்டி படம் நடுங்கினால் மட்டும் பவர் சப்ளையைச் சந்தேகிக்கும் முன் பக்கத்தில் ஓடும் மோட்டாரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ பாருங்கள். காந்தப்புலம் படத்தை ஆட்டும், மானிட்டரை நாலடி நகர்த்தினால் நின்றுவிடும்.

பார்ட்ஸ் வாங்கும்போது

கெப்பாசிட்டரில் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர். இந்த நான்கில் கடைசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபையருக்குப் போடும் சாதாரணக் கெப்பாசிட்டரை இங்கே போட்டால் சில மாதத்தில் மறுபடி உப்பும். பெரிய உறைக்குள் சின்னக் கெப்பாசிட்டரை வைத்து விற்கும் போலிகளும் சந்தையில் உண்டு. கையில் எடுத்தால் எடையே இல்லாமல் இருப்பதை வாங்காதீர்கள். ஒன்று உப்பியிருந்தால் அதே வரிசையில் இருக்கும் மற்றவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். எல்லாம் ஒரே நாளில் பிறந்து ஒரே சூட்டில் வெந்தவை.

ஐசியே கிடைக்கவில்லை, போர்டு கருகி ஓட்டையாகிவிட்டது என்றால் யூனிவர்சல் எஸ்எம்பிஎஸ் மாட்யூல் போடுவது நம் ஊர் வழக்கம். ஓடும். ஆனால் பல மாட்யூல்களில் ஃபில்டரும் பாதுகாப்பும் சிக்கனமாகவே இருக்கும். எனக்குப் பிடித்த வழி வேறு: 12 வோல்ட்டில் திருப்திப்படும் மானிட்டர் என்றால் நல்ல தரமான 12 வோல்ட் அடாப்டரை வெளியே வைத்து, 5 வோல்ட்டை, வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு பக் கன்வெர்ட்டரில் எடுத்துக்கொள்வது. அடுத்த முறை நியூட்ரல் போனால் அடாப்டர் மட்டும் போகும், மானிட்டரைப் பிரிக்க வேண்டியதில்லை. சிசிஎஃப்எல் விளக்கை எல்இடி பட்டையாக மாற்றும் கிட்டும் கிடைக்கிறது. பழைய விளக்குகளில் பாதரசம் உண்டு, உடைக்காமல் மின்கழிவு எடுப்பவரிடம் சேர்ப்பியுங்கள்.

வேலை முடிந்ததும் பின்கவரைப் பூட்டி மூன்று நாலு மணி நேரம் ஓடவிட வேண்டும். திறந்து வைத்து ஓட்டினால் உள்ளே ஏறும் சூடு தெரியாது. ராத்திரி முழுக்க வயரை உருவிப் போட்டு, காலையில் முதல் சுவிட்சிலேயே எழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரே கட்டிடத்திலிருந்து இரண்டாவது முறையாக ஹாட் பக்கம் அடிபட்ட போர்டு வந்தால், பார்ட்ஸ் மாற்றுவதை நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சிலும் மீட்டர் போர்டிலும் நியூட்ரல் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று அவர் பார்த்துவிடுவார். உள்ளே எல்லாம் சரியாக இருந்தால் ஈபி ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்துக் கம்பத்தில் ஜம்பரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அது முடியும்வரை ரிப்பேர் செய்த மானிட்டரைத் திருப்பிக் கொடுத்தாலும், ஹை வோல்ட்டேஜில் தானாகத் துண்டிக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் இல்லாமல் சொருக வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள்.